டெங்கு இரண்டாம் தடவை வந்தால் ஏன் மோசம்? உடம்புக்கு ஞாபகம் இருந்தால் நல்லதுதானே?

கோட்டை மான்:

வணக்கம். விஞ்ஞானக் கேள்விதான், ஆனால் வீட்டில் நடந்ததை வைத்துக் கேட்கிறேன். என் தம்பிக்கு 2017இல், திருகோணமலைப் பக்கம், கிண்ணியாவிலும் டவுனிலும் வீட்டுக்கு வீடு டெங்குவாகக் கிடந்த வருசம், ஒருமுறை வந்து சுகமாகிவிட்டது. இப்போது மழை தொடங்கியதும் திரும்பவும் காய்ச்சல், சோதித்தால் டெங்கு. வாட்டில் டொக்டர் கேட்ட முதல் கேள்வியே "முன்னம் வந்திருக்கா?" என்பதுதான். ஓம் என்று சொல்லும்போது எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல், உடம்புக்குப் பழகியிருக்கும் என்று நினைத்தோம். அவரோ அதைக் கேட்டதும் கூடுதல் கவனமாகிவிட்டார், அடிக்கடி பிரஷர் பார்க்கச் சொல்லி எழுதிவிட்டுப் போனார். தம்பி இப்போது வீட்டில், மீன் குழம்பு வேண்டும் என்று சண்டை பிடிக்கிறான், அந்தப் பயம் முடிந்தது.

குழப்பம் முடியவில்லை. அம்மாவுக்குச் சின்ன வயதில் பொக்குளிப்பான் வந்ததாம். பிறகு எங்கள் எல்லோருக்கும் வந்தபோது பக்கத்திலேயே படுத்து வேப்பிலையால் தடவிக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சின்னமுத்தும் அப்படித்தான், ஒருக்கால் வந்தால் சரி என்கிறார்கள். தடிமன் காய்ச்சலோ வருசா வருசம் வருகிறது. காலில் ஆணி குத்தினால் கடைசியாக எப்போது ஏற்பு ஊசி போட்டது என்று கேட்டுத் திரும்பப் போடுகிறார்கள். டெங்கு இரண்டாம் தடவை வந்தால் முதல் தடவையை விட மோசமாகலாமாம். ஒரே உடம்புதானே? ஒன்றை ஆயுளுக்கும் ஞாபகம் வைக்கிறது, ஒன்றை அடுத்த மாரிக்குள் மறக்கிறது, இன்னொன்றை ஞாபகம் வைத்திருந்து தனக்கே வினை தேடுகிறது. இதற்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறதா, இல்லை ஒவ்வொரு வருத்தத்துக்கும் ஒவ்வொரு கதையா? நான் வர்த்தகப் பிரிவில் படித்தவன், அதை மனதில் வைத்து எழுதுங்கள்.


நிலாவெளிக் காற்று:

தடிமனுக்கு மட்டும் நான் சொல்கிறேன். அது ஒரு வருத்தமே இல்லை, ஒரே பெயரில் வரும் கூட்டம். ரைனோ வைரஸில் மட்டும் 150 வகைக்கு மேல் இருக்கிறது, போன மாதம் வந்தது வேறு, இந்த மாதம் வந்தது வேறு. உடம்பு மறக்கவில்லை, வருகிறவன்தான் புதியவன்.

தம்பிக்குப் பப்பாசி இலைச் சாறு கொடுத்தீர்களா? பிளட்லெட், இரத்தத்தை உறையவைக்கும் அந்தச் சிறுதட்டுகள், சட்டென்று ஏறும்.


பயோ மாஸ்டர்:

நல்ல கேள்வி மான். ஏ.எல். பிள்ளைகளே இப்படிக் கேட்பதில்லை, "சேர், சோதனைக்கு வருமா" என்றுதான் கேட்பார்கள். ஒழுங்கு இருக்கிறது. நீளமாகத்தான் எழுதவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விசயம். கிருமி வந்த பிறகு அதை அளந்து பார்த்து உடம்பு ஆயுதம் செய்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் இரத்தத்தில் இருக்கும் பி கலங்கள், ரி கலங்கள் என்ற வெண்குழியங்கள் பிறக்கும்போதே ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவத்தைப் பிடிக்கும்படி, கண்ணை மூடிக்கொண்டு குலுக்கிப்போட்ட மாதிரி உருவாகின்றன. அளவெடுத்துத் தைக்கிற தையல்கடையை நினைக்காதீர்கள், எல்லா அளவிலும் ஒவ்வொரு சட்டை மட்டும் தொங்கவிட்ட ரெடிமேட் கடையை நினையுங்கள். கிருமி வந்தால் அதற்குப் பொருந்துகிற அந்த ஒன்றிரண்டு கலங்களைத் தேடிப் பிடிக்க நேரம் எடுக்கும். பிடித்த பிறகு அந்த அளவை மட்டும் லட்சக்கணக்கில் பெருக்கவேண்டும். அதனால்தான் புதிய வருத்தம் வந்தால் பிறபொருளெதிரி, அதாவது அன்ரிபொடி, இரத்தத்தில் போதிய அளவு சேர ஒரு கிழமைக்கு மேல் ஆகிறது, அதுவரை நாம் படுத்துக் கிடக்கிறோம். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுகிறதே, அந்த நிணநீர்க்கணுக்களுக்குள் இந்தப் பெருக்கம் நடக்கிறது. அங்கே இன்னொரு வேலையும் நடக்கிறது: பெருகும் பி கலங்கள் தங்கள் மரபணுவில் சின்னச் சின்ன மாற்றம் செய்து பார்க்கின்றன, இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது பிழைக்கும், மற்றது சாகும். அதனால் வருத்தம் மாறின பிறகு வரும் அன்ரிபொடி தொடக்கத்தில் வந்ததைவிடத் தரமானது.

சுகமானதும் இந்தப் படையில் பெரும்பகுதி செத்துப்போகும். மிஞ்சுகிறதுதான் ஞாபகம். மிஞ்சுவது ஒரே மாதிரி இல்லை, இங்கேதான் உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. ஒரு பகுதி என்பு மச்சைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு ஒருவரும் கேட்காமலே வருசக்கணக்காக அன்ரிபொடி சுரந்துகொண்டிருக்கும். இன்னொரு பகுதி ஒன்றும் சுரக்காது, மண்ணீரலிலும் நிணநீர்க்கணுவிலும் சும்மா கிடக்கும், அதே கிருமியைத் திரும்பக் கண்டால் எழும்பும். ஞாபக ரி கலங்களும் உண்டு, அவற்றில் சில நுரையீரலிலும் தோலிலுமே குடியிருந்துவிடும். தூங்குகிறது எழும்பிப் பெருகி வேலைக்கு வர ஏறக்குறைய 3 முதல் 5 நாள் வேண்டும். முதல் தடவையைவிட வேகம்தான், ஆனாலும் அந்தச் சில நாளை ஞாபகம் வையுங்கள்.

இப்போது சின்னமுத்து. வைரஸ் உள்ளே போய்க் காய்ச்சல் காட்ட 10 முதல் 14 நாள். பொக்குளிப்பானுக்கு 10 முதல் 21 நாள். தூங்குகிற கலத்துக்கு இது தாராளமான நேரம், நமக்குத் தெரியாமலே கதை முடிந்துவிடும். உங்கள் அம்மா பிள்ளைகளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தபோது வைரஸ் அவருக்குள்ளும் போயிருக்கும், வெளியே காட்ட விடவில்லை, அவ்வளவுதான். ஈரல் அழற்சி பி இன்னும் மெதுவானது, ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை எடுக்கும். அதனால்தான் பிள்ளைக்கு 2, 4, 6 மாதங்களில் பென்டா என்கிற ஐந்து வருத்தத்துக்கான ஊசியோடு அதற்கும் போட்டுவிட்டால், பிற்காலத்தில் இரத்தத்தில் அன்ரிபொடி அளக்கமுடியாத அளவுக்குக் குறைந்தாலும் சாதாரண ஆட்களுக்குத் திரும்பப் போடத் தேவையில்லை என்கிறார்கள்.

இன்புளுவன்சாவைப் பாருங்கள். உள்ளே போய் 1 முதல் 4 நாளில் காய்ச்சல். தூங்கினவன் எழும்பும் முன்னமே நீங்கள் போர்வைக்குள். அதோடு அது தன் மேற்பரப்புப் புரதத்தை வருசா வருசம் மாற்றிக்கொள்ளும் வைரஸ். ஆனால் "உடம்பு மறந்துவிட்டது" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1918ஆம் ஆண்டு பெருந்தொற்றைச் சின்ன வயதில் கண்டு பிழைத்தவர்களை, அவர்கள் 91 முதல் 101 வயதாக இருக்கும்போது சோதித்து 2008இல் ஒரு ஆய்வு வந்தது. அந்தப் பழைய வைரஸைப் பிடிக்கும் அன்ரிபொடியும் அதைச் செய்யும் பி கலங்களும் அவர்களிடம் அப்போதும் இருந்தன. 90 வருசம்!

இன்னொரு பழைய கதை எனக்குப் பிடித்தது. டென்மார்க்குக்குச் சொந்தமான பரோ தீவுகளில் 1781இல் சின்னமுத்து வந்து போனது. பிறகு 1846 வரை அந்தத் தீவுகளில் அந்த வருத்தமே இல்லை. 1846இல் திரும்ப வந்தபோது சுமார் 7,800 சனத்தில் 6,000 பேர் அளவில் படுத்தார்கள். பார்க்கப் போன பீற்றர் பானும் என்ற இளம் வைத்தியர் வயதானவர்களை ஒவ்வொருவராக விசாரித்தார். 1781இல் வந்தவர்களில் ஒருவருக்கும் இரண்டாம் முறை வரவில்லை. இடையில் 65 வருசம் அந்த வைரஸின் வாசமே இல்லாமல் ஞாபகம் அப்படியே இருந்திருக்கிறது. அடிக்கடி பட்டுக்கொண்டிருந்தால்தான் ஞாபகம் நிற்கும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில்.

ஏற்புவலி வேறு சாதி. அங்கே கொல்வது கிருமி இல்லை, அது விடும் நஞ்சு. அந்த நஞ்சு எவ்வளவு கொடியது என்றால், ஆளைக் கொல்லப் போதுமான அளவுகூட உடம்பின் எதிர்ப்பைத் தட்டி எழுப்பப் போதாது. அதனால் ஏற்புவலி வந்து தப்பினவருக்கும் அதற்கு எதிர்ப்புச் சக்தி கிடைப்பதில்லை, அவருக்கும் ஊசி போட்டுத்தான் அனுப்பவேண்டும். நஞ்சு நரம்பில் ஏறிவிட்டால் பிறகு தூங்கினவன் எழும்பி என்ன செய்ய? இரத்தத்தில் அன்ரிபொடி முன்கூட்டியே தயாராக ஓடவேண்டும். 2007இல் வந்த ஒரு கணிப்பில், ஏற்புவலி ஊசியால் வரும் அன்ரிபொடி பாதியாகக் குறைய 11 வருசம், சின்னமுத்துக்கு வந்தது பாதியாக 200 வருசத்துக்கும் மேல். ஆணி குத்தினால் பழைய திகதி கேட்பது இதற்காகத்தான்.

டெங்குவுக்கு நான் கை வைக்கவில்லை. ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் வரட்டும்.


கிண்ணியாப் பாலம்:

மாஸ்டர், தெளிவாக விளங்கியது. 2017 மார்ச் எங்களுக்கு மறக்கிற காலமா, எங்கள் ஒழுங்கையில் காய்ச்சல் இல்லாத வீட்டைத் தேடவேண்டியிருந்தது. அந்த நேரம் என் தங்கச்சியின் மகளுக்கு ஏழு மாதம். அவளுக்கும் டெங்கு, பெரியவர்களை விடக் கடுமையாகப் போய், உம்மா தொழுகைப் பாயை விட்டு எழும்பவே இல்லை. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். என் கேள்வி என்னவென்றால், இரண்டாம் தடவைதான் மோசம் என்கிறீர்கள், ஏழு மாதப் பிள்ளைக்கு அது முதல் தடவைதானே? அவளுக்கு ஏன் அப்படி?


லேப் அக்கா:

கிண்ணியாத் தம்பியின் கேள்விதான் இந்த முழுக் கதைக்கும் வாசல், அதில் இருந்தே தொடங்குகிறேன்.

டெங்கு என்பது நான்கு வைரஸ்கள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்று வந்து சுகமானால் அந்த எண்ணுக்கு ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு, மற்ற மூன்றுக்கும் சில மாதத்துக்கு மட்டும். அந்தச் சில மாதம் கழிந்த பிறகு வில்லங்கம் தொடங்குகிறது. இரத்தத்தில் மிஞ்சியிருக்கும் பழைய அன்ரிபொடி புதிய எண் வைரஸில் போய் ஒட்டும், ஏனென்றால் நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. ஆனால் செயலிழக்கச் செய்கிற அளவுக்கு ஒட்டாது. நம் உடம்பில் சில வெண்குழியங்களின் வேலையே அன்ரிபொடி ஒட்டின எதையும் விழுங்குவது. டெங்கு வைரஸ் பெருகுவதும் அதே கலங்களுக்குள்தான். ஆக, பழைய அன்ரிபொடி புது வைரஸைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் விடுகிறது. வைரஸ் கூடுகிறது, அதற்கு எதிராக உடம்பு கொட்டுகிற இரசாயனங்களும் கூடுகின்றன, இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது. டெங்குவில் ஆளை விழுத்துவது இந்தக் கசிவுதான்.

ஏழு மாதப் பிள்ளைக்கு அந்தப் பழைய அன்ரிபொடி எங்கிருந்து வந்தது? தாயிடமிருந்து. கர்ப்பத்தில் தொப்புள்கொடி வழியாக வருகிறது. பிறந்த புதிதில் அது நிறைய இருக்கும், பிள்ளையைக் காக்கும். மாதம் போகப் போகக் குறையும். காக்கவும் போதாது, இல்லாமலும் போகவில்லை என்கிற ஒரு நடுக்கட்டம் வருமே, 6 முதல் 9 மாத அளவில், அந்த நேரம் வைரஸ் வந்தால் இப்படி. பிள்ளைக்குச் சொந்த ஞாபகம் இல்லை, உம்மாவின் ஞாபகமே வினையாகப் போய்விட்டது. ஒருவயதுக்குள் கடும் டெங்கு வருகிற பிள்ளைகளின் கணக்கைப் பார்த்துத்தான் ஸ்கொட் ஹோல்ஸ்டெட் என்ற அமெரிக்க வைத்தியர் இந்த அன்ரிபொடி விளக்கத்தைப் பலமாக்கினார்.

2017இல் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல், இறந்தவர்கள் 400க்கு மேல். அந்த வருசம் ஆடியது இரண்டாம் எண். அதற்கு முன் பல வருசம் இங்கே பெரும்பாலும் ஒன்றாம் எண்தான் சுற்றியது. எண் மாறின வருசம் ஏன் அப்படிப் படுத்தினது என்று இனி உங்களுக்கே விளங்கும். (குப்பை, மழை, நுளம்பு எல்லாம் சேர்ந்ததுதான், எண் மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன்.)

எத்தனை வருசம் இந்த ஆபத்து நிற்கும்? கியூபாவைப் பாருங்கள். அங்கே 1977இல் ஒன்றாம் எண் வந்தது, 1981இல் இரண்டாம் எண் வந்து 158 பேர் இறந்தார்கள். பிறகு நுளம்பை ஒழித்து டெங்குவே இல்லாமல் வைத்திருந்தார்கள். 1997இல் சாந்தியாகோ நகரத்தில் இரண்டாம் எண் திரும்பியது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் 1977 காலத்தில் ஒன்றாம் எண் கண்ட பெரியவர்கள். அதற்குப் பிறகு பிறந்த சின்னவர்களுக்கு அப்படிக் கடுமை வரவில்லை. 20 வருசம் கழித்தும் உடம்பு ஒன்றாம் எண்ணை மறக்கவில்லை, மறந்திருந்தால் அவர்களுக்கு நல்லதாகப் போயிருக்கும்.

மான் தம்பி, இன்னொன்று சொல்கிறேன், இது எங்கள் மேசையில் தினமும் கண்ணால் காண்பது. இரண்டாம் டெங்கு என்றால் ஐஜிஜி என்கிற அன்ரிபொடி காய்ச்சல் தொடங்கிய சில நாளிலேயே மளமளவென்று ஏறிவிடும், ஐஜிஎம் என்கிற இன்னொரு வகை அன்ரிபொடி மெதுவாக, சிலருக்கு ஏறாமலே கிடக்கும். முதல் டெங்குவில் இது தலைகீழ். அந்த வேகத்தில் ஏறுவது யார்? மாஸ்டர் சொன்ன தூங்கின கலங்கள்தான், பழைய எண்ணுக்கென்று பழகினதை முதலில் கொட்டுகின்றன, புதிய எண்ணுக்கு ஏற்றது பிறகுதான் வரும். இரத்தத்தில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனைகூட இரண்டாம் தடவையில் சீக்கிரமே இல்லை என்று காட்டிவிடலாம். ஆகவே மழைக்காலக் காய்ச்சலில் என்எஸ்1 நெகட்டிவ் என்று வந்ததும் டெங்கு இல்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

நிலாவெளித் தம்பிக்கு: பிளட்லெட் குறைந்து அடிக்குப் போய்த் தானாகவே ஏறும். ஏறுகிற நாளில் எதைக் குடித்தோமோ அதற்குப் பெயர் போகும். அதில்கூட எனக்குப் பெரிய சண்டை இல்லை, ஆனால் வாந்தி எடுக்கிற ஆளுக்குக் கசப்புச் சாற்றைப் பருக்கி, குடிக்கவேண்டிய கஞ்சியையும் இளநீரையும் குடிக்கவிடாமல் செய்வதில் சண்டை இருக்கிறது. சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம், வாந்தியில் இரத்தம் வந்தால் தெரியாது. பனடோல் மட்டும், அஸ்பிரின், இபுபுரூபன் கிட்டவும் வேண்டாம். மூன்றாம் நாள் எப்.பி.சி., அதாவது இரத்தக் கலங்களை எண்ணும் சோதனை, எடுங்கள். காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைக்காதீர்கள், கசிவு தொடங்குவதே அந்த நேரத்தில். வயிற்று நோ, விடாத வாந்தி, கை கால் குளிர்தல், மயக்கம், எதைக் கண்டாலும் ஆஸ்பத்திரிதான்.


நிலாவெளிக் காற்று:

சரி அக்கா, பப்பாசியை விட்டுவிட்டேன். ஆனால் நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் டெங்குவுக்குத் தடுப்பூசி போடுவதே ஆபத்தாகுமே? ஊசியும் ஒருவகை முதல் தடவைதானே?


லேப் அக்கா:

சரியாகப் பிடித்தீர்கள். அதேதான் நடந்தது. டெங்வாக்சியா என்ற தடுப்பூசியைப் பிலிப்பைன்ஸில் 2016இல் தொடங்கி 8 லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். 2017 நவம்பரில் தயாரித்தவர்களே வந்து, முன்னம் டெங்கு வராத பிள்ளைகளுக்கு இது போட்ட பிறகு டெங்கு வந்தால் கடுமையாகும் வாய்ப்புக் கூடுகிறது என்றார்கள். முன்னம் ஒருக்கால் வந்தவர்களுக்கு நல்லது, வராதவர்களுக்கு ஊசியே முதல் டெங்குவாகி, பிறகு வருவது இரண்டாவதாகிவிட்டது. அந்த நாட்டில் பெரிய கொந்தளிப்பு, மற்றத் தடுப்பூசிகளில் இருந்த நம்பிக்கையும் சேர்ந்து விழுந்தது, அதுதான் எனக்கு அதைவிடப் பெரிய நட்டம். நான்கு எண்ணுக்கும் ஒரே அளவில் ஞாபகம் உண்டாக்கினால்தான் டெங்கு ஊசி நிம்மதி, அதுதான் இத்தனை வருசமாகச் சிக்கல்.


சம்பூர்ப் பனை:

இவ்வளவு வாசித்ததில் எனக்கு ஒன்று தெரிகிறது. இயற்கையாக வருத்தம் வந்து போனால் வருகிற ஞாபகம்தான் உறுதி. சின்னமுத்துக்கு மாஸ்டரே 200 வருசம் என்கிறார். எங்கள் காலத்தில் பிள்ளைக்கு அம்மாள் வந்தால் வேப்பிலை கட்டி, மாமிசம் விட்டு, தலைக்குத் தண்ணி வார்த்து முடித்தோம். இப்போது ஏன் ஒவ்வொன்றுக்கும் ஊசி?


பயோ மாஸ்டர்:

பனை அண்ணை, கோபிக்காமல் கேளுங்கள். அப்படிச் சொல்லக்கூடிய கடைசி வருத்தம் சின்னமுத்துதான். தன்னைப் பற்றிய ஞாபகத்தை ஆயுளுக்கும் விட்டுவிட்டு, மற்ற வருத்தங்களின் ஞாபகத்தை அழித்துவிட்டுப் போகிற வைரஸ் அது. அந்த வைரஸ் கலத்துக்குள் நுழையப் பிடிக்கும் புரதம் ஞாபகக் கலங்களின் மேலேயே நிறைய இருக்கிறது, ஆகவே அது தேடித் தேடித் தொற்றுவதே நாம் இவ்வளவு நேரம் கதைத்த அந்தத் தூங்குகிற கலங்களை. 2019இல் நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத பிள்ளைகளிடம் சின்னமுத்து வருவதற்கு முன்னும் பின்னும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மற்றக் கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த அன்ரிபொடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. அதற்கு முன் 2015இல் வந்த ஆய்வு, ஒரு நாட்டில் சின்னமுத்து பரவினால் அடுத்த இரண்டு மூன்று வருசம் வரை பிள்ளைகள் வேறு தொற்றுகளால் சாவதும் கூடுகிறது என்று காட்டியது. "சின்னமுத்து வந்ததிலிருந்து பிள்ளை தேறவே இல்லை" என்று கிழவிகள் சொல்வார்களே, அதைச் சும்மா கதை என்று தள்ளமுடியாது. ஊசியில் இருப்பது பலமிழக்கச் செய்த வைரஸ், அது இந்த அழிவைச் செய்வதில்லை.

9 மாதத்திலும் 3 வயதிலும் எம்.எம்.ஆர். என்கிற சின்னமுத்து ஊசி போடுவதால்தான் 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையில் சின்னமுத்து ஒழிந்தது என்று சான்று தந்தது. 2023இல் திரும்பப் பரவியதும் ஊசி விடுபட்ட இடங்களைத் தேடிப் பிடித்துத்தான். வேப்பிலையைக் கட்டுங்கள், யார் வேண்டாம் என்றது. கிளினிக் கார்டையும் பாருங்கள்.


மலேரியாக் கிழவன்:

பேரப்பிள்ளை போன் தந்தான், எல்லாம் வாசித்தேன். நான் மலேரியா தடை இயக்கத்தில் வீடு வீடாக மருந்தடித்தவன், கந்தளாய், சேருவில, மூதூர்ப் பக்கமெல்லாம் நடந்தவன். ஒருத்தரும் மலேரியாவைச் சொல்லவில்லையே.

மலேரியாவுக்கும் உடம்பு பழகும், ஆனால் அரைகுறையாக. வருசம் முழுக்கக் கடிபட்டு, திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்டவனுக்குக் கிருமி இரத்தத்தில் இருந்தாலும் பெரிதாகப் படுக்கையில் விழுத்தாது. அதே ஆள் நாலைந்து வருசம் கொழும்பில் இருந்துவிட்டு ஊருக்கு வந்து கடிபட்டால் புது ஆள் மாதிரி நடுங்குவான். நாங்கள் அதைக் கண்ணால் கண்டிருக்கிறோம், காரணம் பிறகு டொக்டர்மார் சொன்னது: பல்சிபாரம் என்கிற கிருமி தன் புரதத்துக்கு 60 அளவில் மரபணு வைத்திருந்து மாற்றி மாற்றிக் காட்டுமாம், உடம்பு ஒன்றைப் படித்து முடிக்க அடுத்தது வரும்.

1934, 35இல் வந்த பெரிய மலேரியாவில் சுமார் 80,000 பேர் செத்தார்கள், எங்கள் அப்பு அந்தக் கதை சொல்லுவார். அதில் அதிகம் அடிபட்டது எங்கள் வரண்ட பக்கம் இல்லை. கேகாலை, குருநாகல் பக்கம். மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கி நுளம்பு பெருகியது, அங்கத்தைச் சனத்துக்கு மலேரியா பழக்கமில்லை. எங்கள் பக்கம் எப்போதும் இருந்தது, உடம்பு ஓரளவு தெரிந்து வைத்திருந்தது. 1963இல் நாடு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா, முடிந்தது என்று மருந்தடிப்பைத் தளர்த்தினார்கள். 1969இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. அந்த இடைவெளியில் பிறந்த பிள்ளைகளின் உடம்புக்கு அது என்னவென்றே தெரியாது.

2012க்குப் பிறகு உள்ளூரில் பரவவில்லை, 2016இல் சான்று கிடைத்தது. சந்தோசம்தான். ஆனால் இப்போது ஒருத்தர் உடம்பிலும் அந்தப் பழக்கம் இல்லை. ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ போய் வந்து காய்ச்சல் வந்தால் போன இடத்தை டொக்டரிடம் சொல்லுங்கள், மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இளம் டொக்டர்மாரில் பலர் மலேரியா நோயாளியைக் கண்டிருக்கவே மாட்டார்கள், நீங்கள் சொன்னால்தான் யோசிப்பார்கள்.


கிண்ணியாப் பாலம்:

ஐயா, நீங்கள் எழுதினதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், மருந்தடிக்க வருகிற ஆட்களுக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழே ஒளிந்த கதையெல்லாம் சொல்கிறார்.


பாலையூற்று மல்லிகை:

இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னியுங்கள். மகளுக்கு இப்போது பொக்குளிப்பான். மாமனாருக்கு முன்னமே வந்தது, அதனால் பயமில்லை என்று இருந்தோம். இப்போது அவருக்கு முதுகில் ஒரு பக்கம் மட்டும் அக்கி மாதிரிக் கொப்புளம், எரிவு. பிள்ளையிடமிருந்து தொற்றிவிட்டதா?


லேப் அக்கா:

இல்லை தங்கச்சி, அது அவருடைய சொந்தச் சரக்கு. பொக்குளிப்பான் மாறினாலும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை, முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்து கிடக்கும். அதை அடக்கி வைத்திருப்பது ஞாபக ரி கலங்கள். வயது போக அவை சோரும், வைரஸ் ஒரு நரம்பு வழியாக வெளியே வரும், அதனால்தான் ஒரு பக்கம் மட்டும். மகளிடமிருந்து அவருக்கு அக்கி தொற்றாது. ஆனால் அவருடைய கொப்புளத் தண்ணீர் பட்டால் பொக்குளிப்பான் வராத ஆட்களுக்குப் பொக்குளிப்பான் வரலாம், வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் கவனம். மாமாவை இன்றைக்கே டொக்டரிடம் கூட்டிப் போங்கள், மருந்து முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். நாட்பட விட்டால் கொப்புளம் காய்ந்த பிறகும் நரம்பு நோ மாதக்கணக்கில் நிற்கும்.


கோட்டை மான்:

எல்லோருக்கும் நன்றி. நான் ஒரு கேள்வி கேட்டு வீட்டுக்காரர் எல்லோருக்கும் சேர்த்து வாசித்துக் காட்டவேண்டி வந்துவிட்டது. அக்கா, கடைசியாக ஒன்று. தம்பிக்கு எந்த இரண்டு எண் வந்தது என்று இப்போது இரத்தம் எடுத்துப் பார்க்கலாமா? மிச்சம் இரண்டு இருக்கிறதே என்று அம்மா இப்போதே நேர்த்தி வைக்கத் தொடங்கிவிட்டார்.


லேப் அக்கா:

காய்ச்சல் நாளில் வைரஸ் இரத்தத்தில் இருக்கும்போது பி.சி.ஆர். செய்தால் எண் தெரியும். இப்போது அன்ரிபொடியை வைத்துச் சாதாரண ஆய்வுகூடத்தில் பிரித்துச் சொல்ல முடியாது, நான்கையும் அது குழப்பும். காசைச் செலவழிக்காதீர்கள். 2017இல் வந்தது இரண்டாம் எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள், மூன்றாம், நான்காம் டெங்குவில் ஆள் கடுமையாவது குறைவு, அதிக ஆபத்து இரண்டாவதில்தான், அதைத் தம்பி தாண்டிவிட்டான். வாட்டில் தந்த டயக்னோசிஸ் கார்டை மட்டும் கவனமாக வையுங்கள், அடுத்த முறை எங்கே காய்ச்சலோடு போனாலும் முதலில் அதை நீட்டுங்கள். அப்புறம் வீட்டுப் பீலியைப் பாருங்கள், இந்த மழைக்கு இலை அடைத்துத் தண்ணீர் நிற்கும்.